எட்டுப் பெட்டி, ஒரு கன மீட்டர்

ஆம்பூர் வீட்டுக் கூடத்தில் இப்போது கால் வைக்க இடமில்லை. சுவரோரமாக எட்டு அட்டைப்பெட்டிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம். எட்டையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர். நானும் கணவரும் ஒன்பது வயது மகளும் மூன்று ஆண்டுகள் சீனாவின் குவாங்சோ நகரில் குடியிருக்கப் போகிறோம். கப்பலில் போகும் சாமான் இவ்வளவுதான். ஏழு மாதங்களுக்கு முன் நான் எழுதிய முதல் பட்டியலில் தேக்குக் கட்டில், பீரோ, தையல் இயந்திரம், அம்மாவின் ஊஞ்சல் பலகை வரை எல்லாம் இருந்தன. அந்தப் பட்டியல் எட்டுப் பெட்டியாகச் சுருங்கிய கதையை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. எங்கள் வட்டாரத்தில் தோல், காலணித் தொழிலில் இருப்பவர்கள் வேலை நிமித்தம் அந்த நகரம் இருக்கும் குவாங்டாங் மாகாணத்துக்குப் போய்வருவது புதிதல்ல. ஆனால் பெரும்பாலும் ஒரு பெட்டியோடு தனியாளாகப் போய்த் திரும்புகிறார்கள். குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்குச் சொல்ல ஆள் குறைவு. எனக்கும் ஆள் கிடைக்காமல்தான் அலைந்தேன்.

காலணி மாதிரிகளின் தரம் பார்ப்பது என் வேலை. என்னை வேலைக்கு எடுத்த நிறுவனத்தின் மாதிரிக் கூடம் குவாங்சோவில் இருக்கிறது. பக்கத்து நகரமான டோங்குவானின் ஹொவ்ஜியே பகுதி காலணித் தொழிலுக்குப் பேர்போனது. வேலை உறுதியானதும் நான் செய்த முதல் காரியம் விமான டிக்கெட் விலை பார்த்தது. அதுதான் முதல் தவறு. டிக்கெட்டும் பெட்டியும் கடைசியில் வரவேண்டியவை. முதலில் வரவேண்டியது காகிதம்.

வேலை விசாவை 'இசட்' விசா என்கிறார்கள். அதற்கு முன்பு சீனத்தில் இருக்கும் நிறுவனம் நம் பெயரில் வேலை அனுமதி அறிவிப்பு வாங்கி அனுப்ப வேண்டும். அதற்குப் பட்டச் சான்றிதழும், காவல்துறை நன்னடத்தைச் சான்றும் சான்றொப்பத்தோடு வேண்டும். ஒரு நாட்டின் சான்றிதழை மற்ற நாடுகள் ஒரே முத்திரையோடு ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அபோஸ்டில் உடன்படிக்கை. 2023 நவம்பர் 7 முதல் சீனாவும் அதில் இருக்கிறது. பல நாட்டுக்காரர்களுக்கு அந்த ஒரே முத்திரையோடு வேலை முடிந்துவிடுகிறது. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே அந்த ஏற்பாடு நடைமுறையில் இல்லை. ஆகவே நமக்குப் பழைய பாதைதான்: மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகம், அதன் பிறகு தில்லியில் சீனத் தூதரகம். சென்னையில் சீனத் துணைத் தூதரகம் இல்லை. கணவருக்கும் மகளுக்கும் குடும்பத்தாருக்கான 'எஸ்1' விசா என்பதால் திருமணச் சான்றும் பிறப்புச் சான்றும் இதே வழியில் போய்த் திரும்பின.

இதில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் இனிஷியல். என் பட்டச் சான்றிதழில் பெயருக்கு முன் ஓர் எழுத்து. பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப்பெயர் இடத்தில். திருமணச் சான்றில் கணவர் பெயரின் எழுத்து. மகளின் பிறப்புச் சான்றில் நான் வேறொரு வடிவத்தில் இருந்தேன். நான்கு காகிதங்களில் நான்கு பெண்கள். நம் ஊர் அலுவலகங்களில் யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை. நமக்கும் அது பழகிவிட்டது. சீனத்தில் நம் காகிதங்களைப் பார்க்கிறவருக்கு ஓர் எழுத்து எப்படி ஒரு தகப்பன் பெயராகும் என்பது புரியாது, புரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. நான்கு பெயரும் ஒரே ஆளுடையவை என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அதையும் சான்றொப்பத்துக்கு அனுப்பினோம். இரண்டு மாதம் போனது. வெளிநாடு போகும் எண்ணமே இல்லாதவர்களும் இதை இன்றே சரிபார்த்து வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரியில் போவதாக இருந்தது மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. அதுவும் நல்லதாகவே முடிந்தது. பிப்ரவரியில் வசந்த விழா, அதாவது சீனப் புத்தாண்டு. 2026-இல் அது பிப்ரவரி 17. விழாவையொட்டிச் சீனமே ஊருக்குப் போகும் காலம் அது. அலுவலகங்கள் மூடிக்கிடக்கும், டிக்கெட் விலை ஏறும், வீடு காட்ட ஆள் இருக்காது. இப்போது மகள் ஆண்டுத் தேர்வையும் எழுதி முடித்துவிட்டாள்.

இனிச் சாமான். பெட்டி கட்டி அனுப்பும் நிறுவனம் ஒன்றை விசாரித்தோம். "நீங்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள் மேடம், நீங்கள் போய் இறங்கும்போது வீட்டு வாசலில் சாமான் இருக்கும்" என்றார் அவர்களின் ஆள். கேட்க எவ்வளவு இதமாக இருந்தது! முன்பணம் கட்டும் நாளில்தான், முன்பு குவாங்சோவில் இருந்துவிட்டு வந்த எங்கள் ஊர் அண்ணன் ஒருவரிடம் தற்செயலாகப் பேசினேன். "அம்மா, தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதே" என்று பதறினார்.

அவர் சொன்ன கணக்கு இது. இசட் விசா நம்மை உள்ளே விடுவதற்கு மட்டும். நுழைந்த 30 நாட்களுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் அங்கே மருத்துவப் பரிசோதனை, வேலை அனுமதி. விண்ணப்பித்ததும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ரசீது தருவார்கள். திரும்பக் கிடைக்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம். வீட்டுச் சாமானைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கவோ, ஓராண்டுக்குக் குறையாத குடியிருப்பு அனுமதியும் மூல பாஸ்போர்ட்டும் வேண்டும். இரண்டும் கையில் இல்லாத நேரத்தில் கப்பல் வந்து நின்றால் பெட்டிகள் துறைமுகக் கிடங்கில் கிடக்கும். நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும். சாமானின் மதிப்பைவிட வாடகை கூடிப்போய், பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டவர்களையும் அண்ணன் பார்த்திருக்கிறார்.

ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போட்டோம். இறங்கிய நாளிலிருந்து அனுமதி கைக்கு வர ஆறு ஏழு வாரம் என்று வைத்துக்கொண்டோம். சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் பெட்டி சிங்கப்பூரிலோ மலேசியாவின் கிள்ளானிலோ கப்பல் மாறி குவாங்சோவின் நான்ஷா துறைமுகம் சேர மூன்று நான்கு வாரம். அப்படியென்றால் நாங்கள் போய் மூன்று வாரம் கழித்துச் சாமான் புறப்பட்டால் போதும். அதனால்தான் பெட்டிகள் இன்னும் கூடத்தில் இருக்கின்றன. நாங்கள் விமானம் ஏறிய பிறகும் அவை இங்கேயே இருக்கும். அப்பா ஏஜென்டிடம் ஒப்படைப்பார். ஒவ்வொரு பெட்டியிலும் எண் எழுதி, உள்ளே இருப்பது என்ன, எத்தனை, மதிப்பு என்ன என்று நோட்டில் எழுதியிருக்கிறார். தொழிற்சாலையில் முப்பது வருடம் சரக்கறைப் பொறுப்பில் இருந்தவர். ஓய்வு பெற்ற பின் இவ்வளவு உற்சாகமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

தனிக் கண்டெய்னர் எங்களுக்குத் தேவைப்படவில்லை. 20 அடிக் கண்டெய்னரின் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். முழு வீட்டையும் பெயர்த்துக்கொண்டு போகிறவர்களுக்கு அது. சிறு சரக்குகளைப் பலருடையதோடு சேர்த்து ஏற்றும் முறையில் கன மீட்டர் கணக்கில் பணம். விமானச் சரக்கில் வேறு கணக்கு: பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுக்கிறார்கள், அந்த எண்ணும் உண்மையான எடையும் எது அதிகமோ அதற்குக் காசு. எங்கள் பெட்டி ஒன்றுக்கு அது இருபது கிலோவுக்குச் சற்று மேல். உள்ளே தலையணையே இருந்தாலும் இருபது கிலோவுக்குப் பணம். இதைத் தெரிந்துகொண்ட அன்று பஞ்சுப் பொருள் எல்லாம் பட்டியலிலிருந்து இறங்கின. மரத் தட்டோ மரப்பெட்டியோ வைத்துக் கட்டினால், அது வெப்பத்தில் பதப்படுத்தப்பட்ட மரம் என்பதற்கான ஐஎஸ்பிஎம்-15 முத்திரை வேண்டும். பூச்சி பரவாமல் இருக்க உலகெங்கும் உள்ள விதி. நாங்கள் மரமே தொடவில்லை.

கட்டில் பீரோவும் அப்படித்தான் விலகின. குவாங்சோவில் வாடகை வீடுகள் பெரும்பாலும் கட்டில், அலமாரி, குளிர்சாதனம், சலவை இயந்திரத்தோடே கிடைக்கின்றன.

பட்டுப்புடவைகளில் மட்டும் அம்மாவுக்கும் எனக்கும் மனத்தாங்கல். குவாங்சோவில் குளிர்காலம் முடிந்து வெப்பக்காற்று திரும்பும்போது 'ஹுய்நான்தியான்' என்று ஒரு பருவம் வரும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு, சுவர் வியர்த்துத் தண்ணீர் வழியும். துணி காயாது. தோலில் பூஞ்சை ஏறினால் என்ன ஆகும் என்பது என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். பட்டில் அந்தப் பரிசோதனை செய்ய மனம் வரவில்லை. கல்யாணப் புடவையை எடுத்துப் போகாத மகளா என்று அம்மா வருந்தினார். கடைசியில் இரண்டு புடவைகள் போகின்றன. ஒவ்வொன்றின் மடிப்பிலும், காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வெயிலில் காய வைத்துச் செருகியிருக்கிறேன்.

கிரைண்டரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவு முடியாது. சீனத்தில் மின்சாரம் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம்முடையது 230, அதே 50. மோட்டார் ஓடுவதில் சிக்கல் இல்லை, ஊசிதான் வேறு. அங்கே இரண்டு தட்டை ஊசி, அல்லது சாய்ந்த மூன்று தட்டை ஊசி. நம் உருண்டை ஊசிக்கு மாற்றுப் பிளக் வேண்டும். மேசைக் கிரைண்டர் கல்லோடு பதினோரு கிலோ. கப்பலில் விட்டால் இரண்டு மாதம் இட்லி இல்லை. எனவே அது எங்களோடு விமானத்தில் வருகிறது. உருளைக் கல்லைத் தனியே எடுத்து, பழைய போர்வையில் சுற்றி, பாத்திரத்தை மகளின் உடைகளால் நிரப்பியிருக்கிறோம். குக்கருக்கு மூன்று கேஸ்கெட்டும் ஒரு விசிலும் உபரியாக வைத்தாயிற்று. உளுந்தும் மசாலாவும் குவாங்சோவின் சியாவ்பெய் பகுதியில் உள்ள இந்தியக் கடைகளில் கிடைக்கும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

உணவில் எதைக் கொண்டுபோகலாம் என்பதில் நாங்கள் மிகவும் கவனமாக இருந்தோம். பால் பொருள்கள், இறைச்சி, புதுக் காய்கறி, பழம், விதை, செடி, மண் எதற்கும் அனுமதி இல்லை. தொட்டிக் கறிவேப்பிலையை எடுத்துப்போகும் ஆசை அதோடு முடிந்தது. அம்மா உருக்கி வைத்த நெய் இங்கேயே இருக்கிறது. கசகசாவை மட்டும் யாரும் மறந்தும் வைத்துவிடக் கூடாது. அது அபினிச் செடியின் விதை. சீனச் சட்டம் அதில் கடுமையானது; நாங்கள் விமானம் மாறும் சிங்கப்பூரிலும் அதற்குத் தடை. அஞ்சறைப்பெட்டியைத் துடைத்துக் கழுவிக் காய வைத்த பிறகே பெட்டியில் வைத்தேன்.

விமானத்துக்கு வருகிறேன். 2020-இல் நின்றுபோன இந்திய-சீன நேரடி விமானங்கள் 2025 அக்டோபர் 26 அன்று கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு இண்டிகோ பறந்ததோடு மீண்டும் தொடங்கின. அடுத்த மாதமே தில்லியிலிருந்தும். நாங்கள் பார்த்தபோது சென்னையிலிருந்து நேரடியாக எதுவும் இல்லை. கொல்கத்தா, கோலாலம்பூர், சிங்கப்பூர், ஹாங்காங் என்று வழிகள் இருந்தன. விலை மலிவாக இருந்தது, தனித்தனி டிக்கெட்டாகக் கோலாலம்பூர் வழியே போவது. ஆனால் தனி டிக்கெட் என்றால் நடுவில் குடியேற்றச் சோதனை தாண்டி வெளியே வந்து பெட்டிகளை எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நமக்காகக் காத்திருக்காது, பணமும் போகும். குழந்தையும் கிரைண்டரும் கூட வரும்போது அந்தச் சேமிப்பு வேண்டாம் என்று முடிவெடுத்து, சிங்கப்பூர் வழியாக ஒரே டிக்கெட் எடுத்தோம். சென்னையில் போடும் பெட்டி குவாங்சோவில்தான் கைக்கு வரும். ஆளுக்கு 30 கிலோ, மூவருக்கும் 90. ஒரு பெட்டி மட்டும் 32 கிலோவைத் தாண்டக் கூடாது. தூக்குகிறவர்களின் முதுகுக்காக உள்ள விதி அது. அப்பா கொக்கித் தராசு வாங்கி வந்து, தினமும் காலையில் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிப் பார்க்கிறார்.

பவர் பேங்க் கைப்பையில்தான் வரவேண்டும். அதிலும் ஒன்று: 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் '3சி' என்ற சீனத் தரச்சான்று முத்திரை இல்லாத பவர் பேங்குக்கு அனுமதி இல்லை. அங்கே ஊர் ஊராகப் போக வேண்டிய வேலை என்பதால் என்னுடையதை இங்கேயே விட்டுவிட்டேன். கைப்பையில் மூலச் சான்றிதழ்கள், தைராய்டு மாத்திரையோடு மருத்துவரின் சீட்டு, முதல் வாரச் செலவுக்கு யுவான். அங்கே எல்லாம் கைப்பேசியில்தான் பணம் கட்டுகிறார்கள், நம் யுபிஐ அங்கே எடுபடாது. விசா கார்டும் மாஸ்டர் கார்டும் அவர்களின் செயலிகளில் இணையும் என்றாலும், இங்கிருந்தே எல்லாவற்றையும் தயார் செய்ய முடியவில்லை. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இடையில் பூகோள உருண்டை. மகளுக்கு ஏழாம் பிறந்தநாளில் தாத்தா வாங்கித் தந்தது. அவளே தன் பெட்டியில் முதலில் வைத்த பொருள் அது. நம் வரைபடங்களில் அருணாசலப் பிரதேசமும் அக்சாய் சின்னும் இந்தியாவுக்குள் இருக்கின்றன. சீன வரைபடங்களில் அப்படி இல்லை. தங்கள் எல்லைக்கோட்டோடு ஒத்துவராத வரைபடங்களைச் சீனச் சுங்கத்தார் பிடித்துவைக்கிறார்கள். ஒன்பது வயதுக் குழந்தையிடம் இதை எப்படிச் சொல்வது? பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இரண்டு நாடுகள் ஒரே மலையை வேறு வேறு மாதிரி வரைகின்றன, அதனால் இது இங்கே ஆயா வீட்டில் இருக்கட்டும் என்றேன். "அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு வேற மலையா சொல்லித் தருவார்கள்?" என்று கேட்டாள். மலை ஒன்றுதான், கோடு வேறு என்று சொன்னேன். யோசித்துக்கொண்டே போய்விட்டாள். அதன் பிறகு பள்ளி அட்லஸையும், பின்னட்டைக்குள் இந்திய வரைபடம் அச்சிட்ட இரண்டு டைரிகளையும் எடுத்து வெளியே வைத்தேன். தமிழ்ப் பாடநூல்களைத் தமிழ்நாடு அரசு இணையத்தில் இலவசமாகவே தருகிறது. அவற்றைக் கணினியில் இறக்கிக்கொண்டோம். அச்சில் கதைப்புத்தகங்கள் மட்டும் ஒரு பெட்டி நிறைய.

இத்தனையிலும் எனக்கு உறக்கம் கெட்டது சாமானால் அல்ல, பேச்சால். அம்மாவுக்குத் தெரிந்தது வாட்ஸ்அப். சீனத்தில் அது தடை; கூகுள், யூடியூப், பேஸ்புக்கும் தடை. அங்கே எல்லாரும் பயன்படுத்துவது வீசாட். பலர் பணம் கட்டுவதும் அதில்தான். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் வீசாட்டும் ஒன்று. ஆக, அங்கே உள்ளது இங்கே வராது, இங்கே உள்ளது அங்கே போகாது. பாஸ்போர்ட்டுக்கும் பட்டத்துக்கும் வழி இருந்தது. மாலை ஆறு மணிக்கு அம்மா முகத்தைப் பார்ப்பதற்கு வழி தேடத்தான் அதிக நாள் ஆனது. இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங் போட்டால் தடை குறுக்கிடாது. வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் வருவதற்கும் அந்த சிம் உயிரோடு இருக்க வேண்டும். ஆனால் தினமும் பேச அது கட்டுப்படியாகாது. கடைசியில் வழி காட்டியது என் தங்கை. ஆப்பிளின் ஃபேஸ்டைம் சீனத்தில் தடுக்கப்படவில்லை. அவள் தன் பழைய ஐபோனை அம்மாவுக்குக் கொடுத்தாள்.

நான்கு நாட்களாக ஒத்திகை நடக்கிறது. சீன நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். எனவே அம்மாவின் மாலை ஆறு மணி எங்களுக்கு எட்டரை, மகள் படுக்கப் போகும் முன் சரியான நேரம். நேற்று நானும் மகளும் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டோம். அம்மா கீழே கூடத்தில், எட்டுப் பெட்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு அமர்ந்து எங்களை அழைத்தார். "கேட்கிறதா?" என்று அவர் உரக்கக் கேட்டது படிக்கட்டு வழியாக ஒரு தடவையும் போன் வழியாக ஒரு தடவையும் வந்தது. திரையில் அவர் நெற்றியும் கூரை மின்விசிறியும் தெரிந்தன. "ஆயா, போனைக் கொஞ்சம் இறக்கிப் பிடிங்க" என்று மகள் சொல்ல, முகம் வந்தது. பக்கத்து ஸ்டூலில் பூகோள உருண்டை இருந்தது.

"நீ போகிற ஊர் இதில் எங்கே இருக்கிறது?" என்று அம்மா உருண்டையை மெல்லச் சுழற்றினார்.

"பொட்டு ஒட்டியிருக்கிறேன், பாருங்க."

சுழன்ற உருண்டை நின்றது. அம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார். தென்சீனக் கடலின் கரையில், அவருடைய சின்ன மெரூன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. ஆம்பூருக்கு இன்னொன்று. விரலை ஒன்றின் மேல் வைத்து மற்றொன்று வரை நகர்த்திப் பார்த்தார்.

"ஒரு சாண்கூட இல்லையே" என்றார்.